முதல் முழு வாக்கியம்

செண்பகவல்லியின் அப்பா செத்துப்போனதற்கு இந்த அறையில் கைதட்டினார்கள். அவளுக்கு நடந்த அநியாயம் இவ்வளவுதான், இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது, நீட்டினால் ஆளுக்கொரு விளக்கத்தோடு வந்துவிடுவார்கள், தெரியாமல் தட்டிவிட்டோம் என்பார்கள், பழக்கதோஷம் என்பார்கள், ஊக்கப்படுத்தத்தானே தட்டினோம் என்பார்கள், ஊக்கமாம், எதற்கு ஊக்கம், அவளுக்கு இன்னொரு அப்பாவா இருக்கிறார் அடுத்த தடவை இன்னும் நன்றாகச் சொல்ல. இதோ இப்போதும் தட்டுகிறார்கள். முதல் பெஞ்சு ஓரத்துப் பெண் தன் இரண்டு நிமிடத்தைப் பேசி முடித்துவிட்டாள், தினமும் ஆங்கிலப் பேப்பர் படிக்க வேண்டும், தெரியாத சொல்லுக்கு அகராதி பார்க்க வேண்டும், படபடவென்று கை, அவள் தேங்க்யூ என்று தலையைச் சாய்த்துவிட்டு உட்கார, மைக் பக்கத்துக் கைக்குப் போகிறது. இன்றைக்குத் தலைப்பு, உங்கள் ஆங்கிலத்தை மேம்படுத்திக்கொள்ளும் வழிகள். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் பேச வேண்டும். நான் மூன்றாவது பெஞ்சில் சுவரோரம். மைக் ஊர்ந்து ஊர்ந்து என்னிடம் வந்து சேர இன்னும் நேரமிருக்கிறது, வரும்வரை நான் இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கைதட்டலைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அது வேறெதுவோ ஆகிவிடுகிறது, கறிக்கடையில் கோழியை டிரம்முக்குள் போட்டதும் உள்ளே கொஞ்ச நேரம் ஒரு சத்தம் வருமே, சிறகெல்லாம் தகரத்தில் அடித்து, அப்புறம் மெல்ல அடங்கி, அந்த மாதிரி. கண்ணைத் திறந்துகொள்கிறேன். கண்ணைத் திறந்தால் சிரித்த முகங்கள். இவர்களில் யாருமே கெட்டவர்கள் கிடையாது என்பதுதான் எனக்குப் பெரிய தொந்தரவாக இருக்கிறது, கெட்டவர்கள் என்றால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

இது எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷத்துக்காரர்கள் எல்லாருக்கும் கட்டாயமான பேச்சுப் பயிற்சி வகுப்பு, இதில் தேறாமல் டிகிரி கிடையாது, இயற்பியலில் முதலாவதாக வந்தாலும் கிடையாது. சொல்லித்தர சென்னையிலிருந்து ஒரு கம்பெனி ஆளை அனுப்பியிருக்கிறது, நிரஞ்சன் என்று பேர், எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர் இருப்பார், சார் என்று கூப்பிட்டால் கோச் என்று கூப்பிடுங்கள் என்பார். கோச்சுக்கு இரண்டு சட்டம். ஒன்று, யாராவது தமிழில் ஏதாவது சொன்னால் அவர் திட்டமாட்டார், விரலைக் காதில் வைத்துக்கொண்டு சிரிப்பார், காது கேட்கவில்லை என்று அர்த்தம், கொஞ்ச நாளில் வகுப்பு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் தமிழில் வாயைத் திறந்தால் அத்தனை பேரும் காதில் விரலை வைப்பார்கள், விளையாட்டுத்தான், நானே வைத்திருக்கிறேன். இரண்டாவது சட்டம், தப்போ சரியோ வாக்கியத்தை நடுவில் நிறுத்தக் கூடாது, முற்றுப்புள்ளி வரைக்கும் போய்விட்டால் உடனே எல்லாரும் கைதட்ட வேண்டும், தட்டு வாங்கினவர் தேங்க்யூ சொல்ல வேண்டும். செண்பகவல்லி நிறுத்துகிறவள். என் அறைத்தோழி, கணக்கை எடுத்துப் போட்டால் கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுகிறவள், ஆங்கிலத்தில் மட்டும் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவாள், கண்மாய்க் கரையில் வந்து நிற்கிற ஆடு மாதிரி முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நிற்பாள், வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு இவள் எப்போது ஒரு வாக்கியத்தை முடிப்பாள் என்று காத்திருக்கும், கடைசி பெஞ்சு இளஞ்சேரன் "கமான் செண்பா, இன்னும் ரெண்டு வார்த்தைதான், தாண்டிரு தாண்டிரு" என்று கபடி ஆட்டத்துக்குக் கத்துகிற மாதிரி கத்துவான், அவளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவாள். ஒரு தடவைகூட அவளுக்குத் தட்டு விழுந்ததில்லை. அன்றைக்கு டீ இடைவேளை முடிந்து எல்லாரும் உட்கார்ந்த பிறகும் அவள் வராந்தாவில் போனில் இருந்தாள், பிறகு கதவில் வந்து நின்றாள், "சார், எங்கப்பா" என்றாள், கோச் விரலைக் காதில் வைத்தார், அறை முழுக்க விரல் காதுக்குப் போனது, "எங்கப்பா சார்" என்றாள் மறுபடி, கோச் சிரித்துக்கொண்டே, உங்களால் முடியும், முயற்சி பண்ணுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவள் முகத்தை யாருமே பார்க்கவில்லையா என்று நான் இப்போது கேட்கிறேன், நான் பார்த்தேன், பார்த்து எழுந்திரிப்பதற்குள் அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டாள், என் அப்பா இன்று காலை இறந்துவிட்டார், நான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று, ஆங்கிலத்தில், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, எங்கேயும் நிற்காமல். தட்டிவிட்டார்கள். முடிந்துவிட்டது என்கிற சந்தோஷம் அவர்களுக்கு, அர்த்தம் காதுக்குள் போய்ச் சேர்வதற்கு முன்னால் கை போய்விட்டது. முன்னால் இருந்தவர்கள் சட்டென்று நிறுத்தினார்கள், பின்னால் இருந்தவர்களுக்குப் புரிய இன்னும் கொஞ்சம் நேரமாயிற்று, இளஞ்சேரன் விசில்கூட அடித்தான். நான் தட்டவில்லை, அதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை, என் கையில் டீக் கப் இருந்தது. அவள் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்து, தேங்க்யூ என்றாள். மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதில்லையா. தேங்க்யூ என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மைக் இரண்டாவது பெஞ்சுக்கு வந்துவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழக வேண்டும் என்கிறான் ஒருத்தன். தட்டல். சப்டைட்டில் போட்டுப் படம் பார்க்க வேண்டும். தட்டல். ஆங்கிலத்திலேயே யோசிக்கப் பழக வேண்டும், தமிழில் யோசித்து மொழிபெயர்த்தால் பேச்சு தடுமாறும். அதற்கு நல்ல தட்டல், ஏனென்றால் அது கோச்சின் சொந்த வாக்கியம், அதையே அவருக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். சரி, யோசித்துப் பார்க்கலாம், எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும், சின்ன வகுப்பிலிருந்தே வரும், பிடிக்கவும் செய்யும், என் சண்டை ஆங்கிலத்தோடு இல்லை, இதை யாராவது தமிழுக்கும் ஆங்கிலத்துக்குமான தகராறாக மாற்றினால் அவர்களோடும் சண்டை போடுவேன். செண்பகவல்லியின் அப்பாவை ஆங்கிலத்தில் யோசி. ஆழ்ந்த அனுதாபம் என்கிறது ஆங்கிலம், ஈடுசெய்ய முடியாத இழப்பு என்கிறது, கடையில் உறையோடு விற்கிற அட்டை மாதிரி. தமிழ் மட்டும் என்ன வாழ்ந்தது, எழவுக்கு நான் போனபோது ஜெயங்கொண்டத்தில் அவள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி என்று ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள், யாருடைய கல்யாணத்திலோ எடுத்த படத்திலிருந்து அவரை வெட்டி ஒட்டியிருந்தார்கள், அவர் தோளில் இன்னொருத்தருடைய கை மணிக்கட்டு வரைக்கும் மட்டும் இருந்தது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கலியமூர்த்தி, அதுதான் அவர் பேர், வீட்டுக்கு வீடு கேஸ் சிலிண்டர் போடுகிறவர், அன்றைக்கு மூன்றாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறியவர் நடுவில் படியில் உட்கார்ந்திருக்கிறார், அந்த வீட்டம்மா தண்ணீர் எடுத்து வருவதற்குள் ஆள் இல்லை, சிலிண்டரைக் கீழே போடாமல் பக்கத்தில் நேராக நிறுத்தி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாராம், அதை எல்லாரும் சொல்லிச் சொல்லி அழுதார்கள். நான் அவரை உயிரோடு பார்த்ததே இல்லை, குரல்தான் தெரியும், சாயங்காலமானால் போன் பண்ணுவார், ஸ்பீக்கரில் கேட்கும், "என்னம்மா, இங்கிலீஷ்ல ஒண்ணு சொல்லு பாப்போம்" என்பார், இவளும் கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டே, இன்று எங்கள் விடுதியில் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும் போட்டார்கள், ஆனால் உருளைக்கிழங்கில் உப்பே இல்லை, என்று நிற்காமல் ஆங்கிலத்தில் அடுக்குவாள், அவர் "இதுக்கு என்னம்மா அர்த்தம்" என்பார், "லெமன் சாதம்ப்பா", "அடி ஆத்தீ, லெமன் சாதத்துக்கு இவ்ளோ தூரம் போவணுமா, இன்னொரு வாட்டி சொல்லு". அவரிடம் மட்டும் அவளுக்கு நின்றதே இல்லை. தப்பு எது என்று அவருக்குத் தெரியாதே, அதனால் பயமில்லை. ஆங்கிலத்தை மேம்படுத்திக்கொள்ளும் வழி, பேப்பர் இல்லை, அகராதி இல்லை, கண்ணாடி இல்லை, தப்பென்று சொல்லத் தெரியாத ஒரு ஆள் சாயங்காலம் போன் எடுத்து இன்னொரு வாட்டி சொல்லு என்று கேட்க வேண்டும், கோச், எழுதிக்கொள்ளுங்கள், அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. அழக் கூடாது. இங்கே அழுதால் அதற்கும் ஒரு பேர் வைத்து அடுத்த வாரப் பாடமாக்கிவிடுவார்கள்.

"நீ ஏன் இப்படி உட்காந்திருக்க, எதையாவது எழுதி வெச்சுக்கோயேன், ரெண்டே பேர்தான் நடுவுல" என்கிறாள் பக்கத்திலிருக்கிற ரிஸ்வானா, உதடு அசையாமல். ரிஸ்வானாவுக்கு என்மேல் பயம், எந்த நேரத்தில் எழுந்து என்ன கேட்பேனோ என்று, போன மாதம் மெஸ் கமிட்டியில் நான் போட்ட சத்தத்துக்கு அவளையும் சேர்த்து வார்டன் கூப்பிட்டுவிட்டாள். "தமயந்தி, சண்டை வேணாம்டி, சர்டிபிகேட் அந்தாளு கையெழுத்துல இருக்கு" என்கிறாள். எனக்குத் தெரியாதா. நான் போன வாரமே கோச்சை வராந்தாவில் நிறுத்திக் கேட்டுவிட்டேன், அவர் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார், தான் செண்பகவல்லிக்கு மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பிவிட்டதாகவும், யாரும் மரணத்துக்குக் கைதட்டவில்லை, அவளுடைய தைரியத்துக்குத்தான் தட்டினோம் என்றும். மெயில். எழவு வீட்டில் இருக்கிற பெண் மெயில் திறந்து பார்ப்பாளாம். நான் பதிலுக்குப் பதில் பேசினேன், நன்றாகத்தான் பேசினேன், ஆங்கிலத்தில், மூன்று காரணம் வைத்து, அவர் கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா, நீங்கள் அருமையாக வாதாடுகிறீர்கள், உங்கள் உச்சரிப்பு ரொம்பச் சுத்தம் என்றார். அதுதான் இப்போதும் என் பயம். மைக் என் கைக்கு வரும், நான் எழுந்து நின்று இந்த அறைக்கு நடந்ததைச் சொல்லி, நியாயம் கேட்டு, இரண்டு நிமிடம் நிற்காமல் பேசுவேன், என்னால் முடியும், முடித்ததும் தட்டிவிடுவார்கள். எவ்வளவு நன்றாகப் பேசுகிறேனோ அவ்வளவு பலமாகத் தட்டுவார்கள். கோச்சே எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாலும் அவருக்கும் தட்டுவார்கள், என்ன பெருந்தன்மை என்று. தட்டின கையை எப்படித் திரும்ப வாங்குவது, எனக்கு அது தெரியவில்லை, என்ன வேண்டும் உனக்கு என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, வாதம் செய்கிறவளுக்கு முதலில் அதுதான் தெரிந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை செண்பகவல்லியின் மாமா டி.சி. வாங்க வருகிறார். நேற்று போனில் அவளே சொன்னாள், குரல் யாரோ மாதிரி இருந்தது, "அந்த கிளாஸ்ல உக்காராம டிகிரி இல்லன்னா எனக்கு டிகிரியே வேணாம்டி. அந்த ரூமுக்குள்ள வந்து அவங்க மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன் சொல்லு. அவங்களுக்கும் என் மூஞ்சியப் பாக்க முடியாது. யாருமே ஒரு வார்த்தை கேக்கல பாத்தியா." நான் கேட்கிறேன் என்று சொன்னேன். எதைக் கேட்பேன் என்று சொல்லவில்லை. ஒரு வாரமாக எனக்குள் எத்தனை பேச்சு, குளிக்கும்போது, லேபில் அளவு எடுக்கும்போது, படியேறும்போது, ஒவ்வொன்றும் நேற்றையதைவிட நன்றாக, இன்னும் கூர்மையாக, ஒவ்வொன்றின் கடைசியிலும் அந்தச் சத்தம்.

ரிஸ்வானா பேசி முடித்துவிட்டாள், எப்போது எழுந்தாள் என்றே தெரியவில்லை, ஆங்கிலத்தில் பேசுகிற நண்பர்களைத் தேடிக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள், தட்டல் விழுகிறது, மைக் என் கையில் இருக்கிறது, பிடிக்கிற இடம் பத்துப்பேர் வியர்வையில் பிசுபிசுக்கிறது. எழுந்து நிற்கிறேன். கோச் மார்க்கரை மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்கிறார், இவள் எப்படியும் நன்றாகப் பேசுவாள் என்கிற முகம், பின்னாலிருந்து "நம்ம வக்கீலம்மா வந்துட்டாங்க" என்று இளஞ்சேரன், சிரிப்பு. முதல் வாக்கியம் நாக்கு நுனியில் நிற்கிறது, ஆங்கிலத்தில், பளபளவென்று, இதைவிட நல்ல முதல் வாக்கியம் நான் செய்ததில்லை, அதைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும், வந்து, முடிந்து, அப்புறம். வேண்டாம். விழுங்கிவிட்டேன். விழுங்கின இடத்தில் வேறெதுவும் இல்லை. எல்லாரும் பார்க்கிறார்கள், மின்விசிறி சுற்றுகிறது, ரிஸ்வானா என் துப்பட்டா நுனியைப் பிடித்துக் கீழே இழுக்கிறாள், அந்த இழுப்பில்தான் வாய் திறந்தது, மைக்கைக்கூடக் கிட்டே வைக்கவில்லை. "நம்ம செண்பகவல்லியோட அப்பா இறந்துட்டாரு" என்றேன். அவ்வளவுதான். ஊரில் ஒரு வீட்டில் போய் இன்னொரு வீட்டுக்காரர்கள் சொல்வார்களே, அப்படித்தான் வந்தது, கோபமாகக்கூட இல்லை. யாரும் விரலைக் காதில் வைக்கவில்லை. யாரும் எதுவும் செய்யவில்லை. இது அவர்களுக்குத் தெரிந்ததுதானே, புதுச் செய்தி ஒன்றும் இல்லையே, ஆனாலும் இப்போதுதான் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள், நான் ஏன் உட்காராமல் நிற்கிறேன், இதற்கு மேல் என்னிடம் ஒன்றுமே இல்லையே, தோற்றுவிட்டேன் என்று நினைத்தபோது கடைசி பெஞ்சிலிருந்து, தலையைத் தூக்காமல், "எப்ப எடுத்தாங்க" என்று கேட்டான் இளஞ்சேரன்.

"மறுநாள். செண்பகம் போய்ச் சேந்தப்புறம்தான்." "உடம்புக்கு என்னவாம்", இது முன்னாலிருந்து. "ஒண்ணுமில்ல, நெஞ்சுவலி, சிலிண்டர் தூக்கிட்டுப் படி ஏறியிருக்காரு." "அம்மா எப்படி இருக்காங்க" என்கிறாள் ரிஸ்வானா, விடுதியில் எங்கள் அறைக்கு இரண்டு கதவு தள்ளி இருக்கிறவள், இத்தனை நாள் என்னிடம் கேட்காதவள், கேட்டுவிட்டு முகத்தை மூடிக்கொள்கிறாள். "சாப்பிட மாட்டேங்குறாங்க." "கூடப் பொறந்தவங்க?" "ஒரு தம்பி, பன்னண்டாவது." நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், வாதத்தில் எனக்கு இப்படிப் பதில் சொல்லிப் பழக்கமே இல்லை, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே வார்த்தை, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு தலை அசைகிறது, யாரோ உச்சுக்கொட்டுகிறார்கள், மைக் எப்போதோ பெஞ்சில் படுத்துவிட்டது. கோச் மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றிருந்தார். அவர் ஊர் கரூர்ப் பக்கம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது, "நாம யாரும் போயி ஒரு வார்த்த கேக்கலீங்களே" என்றார், எங்களைப் பார்க்காமல், "துக்கம் கேக்கப் போயிருக்கோணும். மெயில் போட்டுட்டு இருந்துட்டேன்." அப்புறம் என்னைப் பார்த்து, "நாங்க எல்லாரும் வந்தா அவங்க மனசு சங்கடப்படுமுங்களா? கேட்டுச் சொல்றீங்களா?" என்றார். எனக்குச் சட்டென்று பழைய கோபம் வந்தது, போய் உட்கார்ந்து எழுந்தால் கணக்குத் தீர்ந்துவிடுமா என்று, வாய்வரைக்கும் வந்தது, அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று பிறகுதான் உறைத்தது, அநியாயம் நடந்தது எனக்கு இல்லையே, ஒரு வாரமாக அவளுக்காக நானே பேசிப் பேசி அவள் பேச வேண்டிய இடத்திலும் நான்தானே உட்கார்ந்திருந்தேன். அந்த அறையின் நடுவிலேயே போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டாள். நின்றது. மறுபடி போட்டேன், எல்லாரும் என் கையையே பார்க்கிறார்கள், எடுத்தாள், "என்னடி கிளாஸ் நேரத்துல" என்றாள். செண்பா, கிளாஸ்லருந்துதான் பேசுறேன், எல்லாரும் அப்பாவைப் பத்திக் கேட்டாங்க, எப்ப எடுத்தாங்க, அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டாங்க, கோச்சும் கேட்டாரு, தமிழ்லதான் கேட்டாரு, ஞாயித்துக்கிழமை வீட்டுக்குத் துக்கம் கேக்க வரலாமான்னு கேக்குறாங்க, நீ வேணாம்னா வேணாம், என்று ஒரே மூச்சில் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு குக்கர் விசில், யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம், அவள் தம்பி எதையோ கேட்க இவள் போனைக் கையால் மூடிக்கொண்டு "கொஞ்சம் இருடா" என்று சொல்வது, பிறகு மூக்கை உறிஞ்சுவது. வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன், காதில் போனை அழுத்திப் பிடித்துக்கொண்டேன், இந்த அறையில் இவ்வளவு பேர் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"வரச் சொல்லு" என்றாள் செண்பகவல்லி. "கிளம்பும்போது மட்டும் யாரும் போயிட்டு வரேன்னு சொல்லிக்கக் கூடாது, பேசாம எந்திரிச்சுப் போயிடணும்னு அவங்ககிட்ட சொல்லி வை. கோச்சுகிட்டயும் சொல்லு. போறப்ப ஏதாவது சொல்லுவாரு அவரு."